புதுக்கடைப் பெண்ணின் முறை

நான் படுத்த படுக்கையாகக் கிடக்கவில்லை. அப்படி உனக்கு எழுதிவிட்டதாகத் தக்கலையிலிருந்து உன் அத்தையே வந்து, ஏதோ நல்ல காரியம் செய்தவள் போலச் சொன்னாள். மார்கழியில் இருமல் வந்தது, தையில் போய்விட்டது. இன்று காலையும் நானே போய்க் கோழிக்கூட்டைத் திறந்தேன். பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரனிடம் சண்டை பிடித்தேன். குளித்து, கஞ்சி போட்ட சேலை உடுத்தி, இந்த மேசைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது என்பது உண்மை. நீ கப்பல் ஏறும்போதே அப்படித்தான். மகனைக் காணாமல் உருகுகிறேன், நீ உடனே வராவிட்டால் என்னைக் கல்லறைத் தோட்டத்தில்தான் பார்க்கலாம் என்றெல்லாம் அவள் எழுதியிருந்தால் அந்த வரிகளை அடித்துவிடு. உன்னைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. அது என் சொந்தக் காரியம். அதற்காக நீ ஒரு நாள் முந்தியும் வர வேண்டாம், ஒரு நாள் பிந்தியும் வர வேண்டாம்.

இன்னொரு பேச்சும் நடக்கிறது. அது இதைவிட மோசம். நான் பெற்ற மகனுடைய உபகாரச் சம்பளத்தைப் பறித்து, சபைக்கு வெளியே உள்ள ஒரு புதுக்கடைப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறேனாம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் நின்றேன். "நிறுத்தண்டாம். எனக்க காரியம்தானே, எனக்கும் கேக்கணும்" என்றேன். "இல்ல டீச்சரம்மா, மழையைப் பத்திப் பேசிட்டு நின்னோம்" என்றாள் ஒருத்தி. "தை மாசத்திலயா மழை? எந்த ஊருல?" என்று கேட்டேன். அவர்களுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். பறிப்பதற்கும் கொடுப்பதற்கும் அந்த இடம் என்னுடையது அல்ல. உன்னுடையதும் அல்ல.

திருவனந்தபுரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், வழக்குள்ள கடிதத்தில் இருவருக்கும் தெரிந்ததையும் ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்பார். பிறகு யாரும் 'நான் வேறு மாதிரி நினைத்தேன்' என்று சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன். நம் மிஷன் கல்லூரியும் நீ இருக்கும் சர்வகலாசாலையும் பேசி இந்த ஏற்பாட்டைச் செய்தன. இங்கிருந்து ஒருவர் அங்கே போவார், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார், இரண்டு வருஷம். அங்கே உனக்குப் பாடத்துக்குச் சம்பளம் கட்ட வேண்டாம். தங்க ஓர் அறை. விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி. இங்கே அவர்கள் அனுப்புகிறவருக்கும் அப்படியே. இரண்டு வருஷம் முடிந்தால் இருவரும் எழுந்திருக்க வேண்டும்; அப்போதுதான் அடுத்த இருவர் உட்கார முடியும். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நீ. அடுத்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் தங்கம் என்ற அந்தப் புதுக்கடைப் பெண். சென்னையில் கணிதம் படித்துத் தேறி, இங்கே பெண்கள் பள்ளியில் கற்பிக்கிறாள். அவள் வீட்டார் அய்யாவழிக்காரர்கள். ஆள் தேர்ந்தெடுக்கக் கல்லூரி வைத்த கமிட்டி மதத்தைப் பார்க்கவில்லை, தேர்வுத்தாளைப் பார்த்தது. உன்னைத் தேர்ந்தெடுத்தபோதும் அதைத்தான் பார்த்தது. அன்றைக்கு நம் சபையில் எல்லோரும் அதை நியாயம் என்றார்கள்.

அவர்கள் அனுப்பிய ஹெலன் உன் அறையில் இருக்கிறாள். கல்லூரியில் பெண்களுக்கு விடுதி இல்லாததால் பிரின்சிபால் என்னைக் கேட்டார், நான் சம்மதித்தேன். வீட்டுக்குள் இங்கிலீஷ் பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவளுக்கு நல்ல தமிழ் கற்றுக்கொடுக்க நான் இருந்தேன்; அவள் கற்றதோ உன் அத்தையிடம். அத்தை அவளைப் பார்க்க வந்த முதல் நாளை உனக்கு நான் முழுதாக எழுதவில்லை. எழுதினால் நீ அங்கே வகுப்பில் சிரித்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். வாசலில் நின்றுகொண்டே ஹெலனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"மைனி, மாத்து சம்மந்தம்ண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பட்டு உடுத்துட்டு வந்திருப்பேனே."

"சம்மந்தம் ஒண்ணும் இல்ல. படிக்க வந்த பிள்ளை."

"எல்லாம் ஒண்ணுதான். நம்ம பிள்ளை அவிய வீட்டில, அவிய பிள்ளை நம்ம வீட்டில. இவளுக்க கண்ணு இங்க கலங்கினா, ஞானத்துக்க கண்ணு அங்க கலங்கும். பாத்துக்கிடுங்க."

அன்றிலிருந்து அவள் விட்டதே இல்லை. சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் ஒரு தார் மட்டி வாழைப்பழத்தோடு வந்து இறங்குவாள். ஹெலன் போதும் என்றால், "தின்னுட்டி மக்கா. நீ மெலிஞ்சா அவிய அவனுக்குச் சோத்தைக் கொறச்சிருவாவ" என்பாள். போன வருஷம் ஹெலனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வேளையும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டு, கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அம்மை, அத்தைக்கு என்னத்துக்கு இம்புட்டு பயம்?" என்று ஹெலன் என்னிடம் கேட்டாள். நான் மாற்று சம்மந்தத்தை விளக்கினேன். ஒரு வீட்டில் பெண் கொடுத்து அதே வீட்டில் பெண் எடுத்தால், இங்கே மருமகளை ஒரு சொல் சொன்னாலும் அங்கே நம் மகளுக்கு அது திரும்பிப் போகும். இங்கே ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே மற்றவளும் புறப்பட வேண்டியதுதான் என்றேன். அந்தக் காய்ச்சலிலும் அவள் போர்வைக்குள் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் எனக்க அம்மைக்கு எழுதணும், ஞானத்துக்கு நல்ல சோறு குடுக்கணும்ண்ணு" என்றாள். எழுதவும் செய்தாள். அந்த ஊர் அறுப்புப் பண்டிகைக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பம் உன்னை ரயில் ஏற்றி வரவழைத்து விருந்து வைத்தது என்று நீ ஆச்சரியப்பட்டு எழுதினாயே, அது உன் படிப்பின் புகழ் அல்ல. உன் அத்தையின் மட்டிப்பழம்.

உன் அத்தையை நான் பல காரியங்களில் கண்டித்திருக்கிறேன். அவளுடைய இந்தக் கணக்கை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. நீ அங்கே மேலும் ஒரு வருஷம் நிற்கக் கேட்டிருக்கிறாய் என்ற செய்தி பரவியதும் அவள் ஹெலனிடம் ஓடி வந்தாள். "ஏட்டி, அவன் நிக்கான். நீயும் நில்லு. ரெண்டு பக்கமும் சரியாப் போச்சு" என்றாள். ஹெலன் அப்போது தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போக மனமில்லை என்பதை நான் அறிவேன். நம் ஊர்ப் பெண்கள் நாற்று நடும்போது பாடுகிற பாட்டுகளை எழுதிச் சேர்க்கிறாள். அது இன்னும் முடியவில்லை. "எனக்க ஊரில ஒரு ஆளு காத்துட்டு நிக்கான், அத்தே. நான் போனாத்தான் அவன் வருவான்" என்றாள். அத்தையின் முகம் மலர்ந்தது. "மாப்பிள்ளையா?" "இல்ல அத்தே. அடுத்தாப்பில இங்க படிக்க வாற பையன்." அத்தை அடுத்த பஸ்ஸிலேயே தக்கலைக்குத் திரும்பிவிட்டாள். இதை உனக்குச் சுட்டிக்காட்ட எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். சுட்டிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

நீ நிற்கக் கேட்டிருக்கும் செய்தி எனக்கு உன்னிடமிருந்து வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களில் பனி இருந்தது. மண்ணைச் சலித்துச் சலித்துக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வைப்பது இருந்தது. வேலை இழந்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்பதைக் கண்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது இருந்தது. அதை வாசித்து நான் சந்தோஷப்பட்டேன், உனக்குக் கண் இருக்கிறது என்று. அங்குள்ள சபைகளில் உன் தலையில் ஒரு தலைப்பாகையைக் கட்டிவிட்டு இந்தியாவைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்பதும் இருந்தது. அதை வாசித்துச் சந்தோஷப்படவில்லை. இந்த வீட்டில் உன் அப்பா பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைப்பாகை வைத்ததுண்டு. நீ ஒரு நாளும் வைத்ததில்லை. இனிமேல் கேட்டால், நீ உடுத்துகிற உடையில் நின்று, நீ அறிந்ததைச் சொல். பேச்சிப்பாறை அணையைப் பற்றிச் சொல். இங்கே பெண்கள் அல்ஜீப்ரா கற்பிக்கிறார்கள் என்று சொல். பாம்பையும் பஞ்சத்தையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது ருசிக்காது. அவர்களுக்கு ருசிக்கும்படி பேசுவதற்காக உன்னை அனுப்பவில்லை.

இவ்வளவும் எழுதிய நீ அதை மட்டும் எழுதவில்லை. பிரின்சிபால் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அதே உபகாரச் சம்பளத்தில், அதே அறையில், அதே மேசையில் இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். மண்ணைப் பற்றிய உன் ஆராய்ச்சி பாதியில் நின்றால் நஷ்டம் என்று உன் பேராசிரியரும் எழுதியிருக்கிறார். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, முடிவை உன் கையிலேயே விட்டுவிட்டார்கள். நீ இடத்தை விடுகிறேன் என்றால் தங்கம் இந்த ஆவணியில் போவாள். விடமாட்டேன் என்றால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். பிரின்சிபால், "ஒரு வருஷந்தானே" என்றார். நல்ல மனிதர், அவருக்கு மகள்கள் இல்லை.

அந்த ஒரு வருஷம் என்ன என்பதை அடுத்த வாரம் தங்கத்தின் அப்பா எனக்குச் சொன்னார். வைகுண்டமணி என்று பெயர். புதுக்கடையில் கருப்புக்கட்டி வியாபாரம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, நமக்கு இங்கிலீசு தெரியாது. ஒரு காரியம் கேக்கணும், தப்பா நெனைக்கப்பிடாது."

"கேளுங்க."

"தக்கலையில பஸ்ஸு வந்து நிக்கும்போ உள்ள ஆளு நெறஞ்சிருக்கும். ஒருத்தன் எறங்கினாத்தான் ஒருத்தன் ஏறலாம். எனக்க மவ கையைக் காட்டிட்டு நிக்கா. உங்க பிள்ளை எறங்குவாரா, மாட்டாரா?"

"அப்பா, அவியளுக்கு ஆராய்ச்சி முடியல்லண்ணா..." என்று தங்கம் தொடங்கினாள்.

"நீ சும்மா இரு மக்கா. உனக்குப் படிப்புத் தெரியும், ஊரு தெரியாது." அவர் என் பக்கம் திரும்பினார். "கருங்கல் பக்கம் ஒரு எடம் பாத்தாச்சு. நல்ல மனுசங்க. பிள்ளை கப்பல் ஏறுகாண்ணா ரெண்டு வருசம் காத்திருக்கோம்ண்ணு அவியளே சொன்னாவ. அவியளைப் போல ஆளு கிடைக்காது. ஆனா ஏறுவா, ஏறுவாண்ணு சொல்லிச் சொல்லி வீட்டில நிறுத்தி வச்சா, அவியளும் பொறுக்க மாட்டாவ, எனக்கும் ஊரு வாயை அடைக்க முடியாது. ஏறல்லண்ணா ஆவணியில கல்யாணம். அதோட தீந்தது."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். தன் கடையில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற குரல். 'அவன் இறங்குவான்' என்று என் நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லவில்லை. நீ முப்பது வயதுக்காரன். உனக்காக நான் வாக்குக் கொடுக்கிற காலம் போய்விட்டது. "அவனுக்கு எழுதுகேன்" என்று மட்டும் சொன்னேன். "எழுதுங்க. ஆனா பதிலு அவருக்க கையெழுத்தில வரணும். சந்தையில நான் எத்தனையோ வாயைப் பாத்தாச்சு, டீச்சரம்மா" என்றார். கொண்டுவந்த ஓலைப்பெட்டிக் கருப்புக்கட்டியை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இது வேற, அது வேற" என்று மேசையில் வைத்துவிட்டார்.

புறப்படும்போது தங்கத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டேன். கமிட்டி அவளைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. குரல் மெலிந்தது, தலையைக் குனிந்தே பேசுகிறாள், வெளிநாட்டில் இது எடுபடாது என்று எண்ணியிருந்தேன். பரீட்சை வைப்பது போலக் கேட்டேன், "அங்க பனியில ரத்தம் உறைஞ்சு போகும். கூட ஒரு ஆளு கிடையாது. பயமில்லியா பிள்ளே?" அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "பயம் இங்கதான் டீச்சர். இப்பம் வகுப்பில சாக்பீசை எடுத்தா, எப்பம் கீழ வைக்கச் சொல்லுவாவளோண்ணு நெனச்சிட்டே எழுதுகேன்." அவள் குரலில் ஒரு குறையும் இல்லை.

உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உன் அத்தை அடிக்கடி கேட்கிறாள், அவர் உன் பக்கம் நின்றிருப்பார் என்ற நினைப்பில். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இறந்தவர்கள் வாயில் நம் பேச்சை வைப்பது எனக்குப் பிடிக்காது. அவர் என்ன செய்தார் என்பது தெரியும். உனக்குப் பத்து வயது இருக்கும். மழை பொய்த்த வருஷம். பேச்சிப்பாறையிலிருந்து வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறை வைத்துத்தான் விட்டார்கள். தக்கலையில் நம் வயலுக்குரிய முறை அன்று உச்சிவேளையோடு முடிந்தது. மேல்பாதி நனைந்திருந்தது, தென்கிழக்கு மூலைக்குத் தண்ணீர் எட்டவில்லை. கீழ்வயல்காரர் அந்த நேரம் அங்கே இல்லை. மலையோரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். நீயும் நானும் வரப்பில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றோம். உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை அடைக்க இறங்கினார். நம் வயலைப் பார்த்துக்கொண்ட செல்லன் ஓடி வந்தான்.

"சாரே, நில்லுங்க. அங்க ஆளு இல்லியே. மூலைக்கும் இத்திரி வெள்ளம் ஏறட்டு."

"ஆளு இல்லாததுனாலதாம்ல இப்பமே அடைக்கணும். ஆளு நின்னா அவனே வந்து அடைப்பான்."

அடைத்தார். நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுதும் பேசினேன். அந்த மூலை கடைசியில் சாவியாய்ப் போயிற்று. ஒரு மணியிலும் பால் பிடிக்கவில்லை. அறுப்பு நாளில் அந்தப் பதரைக் கையில் அள்ளிக் காட்டி, "நெல்லு வெளையல்லண்ணாலும் உங்க பேரு நல்லா வெளஞ்சிருக்கு. அதை அவிச்சுத் தின்னலாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கோழிக்குப் போடச் சொன்னார். இன்னொன்றும் சொல்லவேண்டும்: அந்த வருஷம் கீழ்வயலும் நன்றாக விளையவில்லை. நாம் அடைத்ததால் அங்கே பொன்னாக விளைந்தது என்று கதை சொல்ல எனக்கு வழியில்லை. அவருக்குரிய தண்ணீர் அவருக்குப் போயிற்று, அவ்வளவுதான். நான் இதை உவமையாக எழுதவில்லை. நீ அந்த வரப்பில் நின்றிருந்தாய், உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் எழுதினேன்.

உன் பக்கத்து நியாயத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. பிரின்சிபால் நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நம் ஊர்ச் செம்மண்ணில் எது குறைகிறது என்று நீ கண்டுபிடிக்கும் தறுவாயில் இருக்கிறாய். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் முழுமையாகக் கொண்டுவருவாய். அதனால் கல்லூரிக்கும் குடியானவர்களுக்கும் பலன் அதிகம். இது உண்மையாகவே இருக்கலாம். உன் புத்தியில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அந்த வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, அதை அவர் வேகமாக வாசித்துப் போகப் பார்த்தார். நான் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். உன் பேராசிரியர் உனக்கு ஆராய்ச்சிச் சாலையில் இடம் தரத் தயார். உபகாரச் சம்பளம் இல்லாமலும் தருவார். சாப்பாட்டுக்கும் அறைக்கும் வழி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதிச் சாப்பாட்டறையில் பரிமாறித் தட்டுக் கழுவினால் இரண்டும் கிடைக்கும். அங்குள்ள மாணவர்கள் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். 'என் குடும்ப நிலைக்கு அது தகுதியாக இராது' என்று எழுதியிருக்கிறாய்.

எந்தக் குடும்பம் மகனே? இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. என் நிலைக்கு எது தகும், எது தகாது என்பதை நீ என்னிடம் கேட்டிருக்கலாம். என்னைப் பெருமைக்காரி என்று ஊரில் சொல்வார்கள், அது தவறில்லை. உன்னை நான் வளர்த்த வளர்ப்பில் அந்தப் பெருமையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டாயோ என்றுதான் இப்போது யோசிக்கிறேன். சட்டையில் பொத்தான் இல்லாமல் உன்னை வெளியே விட்டதில்லை, கடைக்குப் போய்க் கடன் சொல்ல விட்டதில்லை, அது பெருமை. பிறர் சாப்பிட்ட தட்டைக் கழுவி ஒரு வருஷம் படித்தான் என்பதில் எனக்கு எந்தக் குறைவும் இல்லை. அடுத்தவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருஷம் சாப்பிட்டான் என்பதில்தான் குறைவு. ஹெலனின் தகப்பனார் அவர்கள் ஊரில் நியாயாதிபதி. அவள் இங்கே இரண்டு வருஷமாகத் தன் தட்டை மட்டுமல்ல, உன் அத்தையின் தட்டையும் கழுவுகிறாள். உன் அத்தை முதல் நாள் தடுத்தாள், இரண்டாம் நாள் பழகிவிட்டாள்.

ஊர் பேசும், பேசட்டும். உன் அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ மைனி! ஹெட்மாஸ்டர் பிள்ளை எச்சித்தட்டு கழுவுகாண்ணு தக்கலையில நான் எப்படி நடப்பேன்?" "காலாலதான்" என்றேன். "சிரிக்காதீங்க மைனி. வெளியில உள்ள பிள்ளைக்குக் குடுக்கதுக்கு நம்ம பிள்ளை தட்டு கழுவணுமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைத்தான் சபையிலும் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு வாயில் வந்துவிடுகிறது. நான் சொன்னேன், "அவளுக்காகக் கழுவண்டாம். அவனுக்க ஆராய்ச்சிக்காகக் கழுவட்டும். அவளுக்குரியது அவளுக்குப் போகட்டும். யாரு உள்ள, யாரு வெளியண்ணு கமிட்டி பாக்கல்ல. நாமளும் பாக்கண்டாம்." அவள் சமாதானமாகவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பழத்தாரோடு வந்தாள். பெட்டியில் ஒரு சீப்புப் பழம் வைத்தால் கப்பலில் கெட்டுப்போகுமா என்று ஹெலனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே உனக்கு முன்னால் நான் இரண்டு வழிகளைத்தான் காண்கிறேன், இரண்டும் எனக்குச் சம்மதம். இந்தக் கோடையில் உன் குப்பிகளைக் கட்டிக்கொண்டு திரும்பி வா. பாதி ஆராய்ச்சியானாலும் அதை வைத்து நம் கல்லூரியில் வேலையைத் தொடங்கு. மீதியை நம் மண்ணிலேயே செய்து பார். இல்லையென்றால் அங்கேயே நில், தட்டைக் கழுவு, முழுதாக முடித்துக்கொண்டு அடுத்த வருஷம் வா. நீ அதைத் தேர்ந்தெடுத்தால் நான் இங்கே உருகிச் சாக மாட்டேன். எனக்குக் கோழிகள் இருக்கின்றன; பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் சிறு பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்; ஹெலன் போன பிறகு அடுத்து வருகிறவனுக்கு அறையைச் சுண்ணாம்படிக்க வேண்டும். வயதாகிறது, அதை மறைக்கவில்லை. வயதானவர்கள் பிள்ளைகளைத் தங்கள் வயதைக் காட்டி இழுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நான் உனக்குச் செய்யமாட்டேன் என்று உன் அப்பாவை அடக்கம் செய்து வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று நீ நினைத்தால், அதாவது அந்த இடத்திலேயே இன்னும் ஒரு வருஷம் உட்கார நினைத்தால், நான் தடுக்க முடியாது. கமிட்டி அதை உன் கையில் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அதைப் பிரின்சிபாலுக்கு எழுதி, அவர் எனக்குச் சொல்லி, நான் புதுக்கடைக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி வைக்காதே. நான் அதைக் கொண்டுபோக மாட்டேன். தங்கத்துக்கு நீயே எழுது. ஏன் இந்த வருஷம் அவள் போக முடியாது என்பதை அவளுக்கு விளங்கும்படி எழுது. அவள் கணிதம் படித்தவள். விளங்காத இடத்தில் திருப்பிக் கேட்பாள்.

கப்பல் தபால் போய் வர ஆகும் காலத்தை எண்ணிப் பார்த்துத்தான் இன்றே எழுதி முடிக்கிறேன். கருங்கல்காரர்களுக்கு வைகுண்டமணி சொல்ல வேண்டிய நாள் நெருங்குகிறது. அவர் இன்னொரு தடவை என் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார், அவருக்கும் பெருமை உண்டு. இது கிடைத்த அன்றே உட்கார்ந்து பதில் எழுது. பனியைப் பற்றி வேண்டாம். வருகிறாயா நிற்கிறாயா என்பதை முதல் வரியில் எழுது. அந்த இடத்தை விடுகிறாயா என்பதை அடுத்த வரியில் எழுது. தமிழில் எழுது, வைகுண்டமணி அதைத் தானே வாசிக்க வேண்டும், யாரும் அவருக்கு வாசித்துச் சொல்லக் கூடாது. கீழே உன் முழுப் பெயரையும் போட்டு எனக்கு அனுப்பு.

அம்மா